மாவுக்கு யார் விலை வைப்பது

இப்போது எங்கள் வீட்டுக்கு இட்லி மாவு எவர்சில்வர் தூக்கில்தான் வருகிறது. மாலை ஐந்தரைக்கு என் மனைவி தூக்கை எடுத்துக்கொண்டு தெருமுனை மளிகைக் கடைக்குக் கிளம்புவாள். தராசைப் பார்ப்பதற்காக நானும் கூடப் போவேன். வெறும் தூக்கு நானூற்றுப் பத்து கிராம். கடைக்காரர் அதைக் கழித்துவிட்டுத்தான் நிறுக்கிறார். இருந்தாலும் பார்ப்பேன். நான் பார்ப்பது அவருக்கும் தெரியும்.

"இன்னிக்கும் தூக்கு அதே வெயிட்டுதான் கீது சார், இளைக்கல" என்பார்.

இந்த மாவு இந்தத் தூக்குக்கு வந்து சேர்ந்ததற்காக நான் மூன்று பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்குக் குறை சொல்லித்தான் பழக்கம். நேரில் நன்றி சொல்லப் போனால் அதிலும் ஏதாவது குறை வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிவிடுகிறேன்.

என் மனைவிக்கு மணிக்கட்டில் தேய்மானம் வந்து, கிரைண்டர் கல்லைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு நாங்கள் மாவு பாக்கெட் வாங்கத் தொடங்கினோம். கள்ளிக்குப்பத்தில் எங்களுக்கு அடுத்த தெருவிலேயே மாவு ஆட்டும் பெண் ஒருவர் இருந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை போனதும், வீட்டின் முன்னறையில் ஒரு கிரைண்டரைப் போட்டு ஆரம்பித்தார். வியாபாரம் சூடு பிடித்ததும் இன்னொன்று வாங்கினார். ஊரில் அவருக்கு மாவுக்காரம்மா என்றே பெயர்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் விலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். அது தெரிந்துதான், தொடங்கிய புதிதில் மாவுக்காரம்மா என்னிடம் வந்தார். ஒரு கிலோ மாவுக்கு என்ன அடக்கம் ஆகிறது என்று போட்டுக் கொடுக்கச் சொன்னார். அரிசி, உளுந்து, வெந்தயம், தண்ணீர், மின்சாரம், கவர் என்று எழுதிவிட்டு, கடைசியில் அவர் உழைப்புக்கும் ஒரு தொகை போட்டேன். அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

"எனக்கு நானே சம்பளம் குடுத்துக்கிறதா சார்?"

"நீ குடுத்துக்கலைன்னா வேற யாரும் குடுக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

கடைக்கு நாற்பத்திரண்டு ரூபாய், கவரில் அச்சிடும் விலை ஐம்பது ரூபாய் என்று முடிவு செய்தோம். நிகர எடை, ஆட்டிய தேதி, எம்.ஆர்.பி. எல்லாம் கவரில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அப்படியே செய்தார். ஐந்து மளிகைக் கடைகள் அவர் மாவை விற்றன. எங்கள் தெருமுனைக் கடையும் அதில் ஒன்று. கடைக்காரரின் தாத்தா காலத்தில் அந்த இடத்தில் நெல் விளைந்ததாம். இப்போது கீழே கடை, மேலே வீடு.

அப்புறம் பெரிய ரோட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். அவர்களும் மாவுக்காரம்மாவிடம் அதே நாற்பத்திரண்டு ரூபாய்க்குப் பாக்கெட் வாங்கினார்கள். ஆனால் விற்றது முப்பத்தொன்பதுக்கு. பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய் கைநஷ்டம். இவர்களுக்குக் கணக்குத் தெரியாதா என்று முதலில் நினைத்தேன். உள்ளே போன பிறகுதான் புரிந்தது. மாவு இருந்தது கடையின் கோடியில். அங்கே போய்ச் சேருவதற்குள் சோப்பு, பிஸ்கட், ஹார்லிக்ஸ் மாதிரி டப்பாக்கள், துணி காயப்போடும் ஸ்டாண்டு என்று எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். நான் ஒரு பாக்கெட் மாவும் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக வெளியே வந்தேன்.

"பதினோரு ரூபாய் மிச்சம்" என்றேன் மனைவியிடம்.

"வாளி எவ்வளவு?"

"நூத்தி அறுபது."

அவள் வாளியைக் கொண்டுபோய்ப் பால்கனியில் வைத்தாள்.

சூப்பர் மார்க்கெட்டில் மாவு முப்பத்தொன்பதுக்குக் கிடைக்கும்போது தெருமுனையில் ஐம்பது கொடுத்து யார் வாங்குவார்கள்? சிறிய கடைகளில் பாக்கெட்டுகள் தேங்கிப் புளித்தன. மாவுக்காரம்மா பெரிய கடைக்கு மட்டும் ரகசியமாகக் குறைத்துக் கொடுக்கிறார் என்று கடைக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே விலைதான் என்று சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. நஷ்டத்துக்கு ஒருத்தன் விற்பான் என்று அவர்கள் எப்படி நம்புவார்கள்?

ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், எல்லாக் கடைக்கும் ஒரு லெட்டர் அடிச்சுக் குடுங்க. அம்பது ரூபாய்க்குக் கீழ யாரும் விக்கக் கூடாது, வித்தா சரக்கு கிடையாதுன்னு."

அந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. எங்கள் கம்பெனியில் பம்பு விற்கும் டீலர்களுக்கெல்லாம் அப்படி ஒரு சுற்றறிக்கை வருஷா வருஷம் போகும். ஒரு கட்டத்தில் கம்பெனி வக்கீல் வந்து, போட்டிச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, இனிமேல் இப்படி எழுதினால் வம்பு என்று நிறுத்தச் சொன்னார். அப்போது நான் அவரைத் துளைத்தெடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்த விஷயத்தில் என் படிப்பு.

"அப்படி எழுதக் கூடாதும்மா. கவர்ல போட்டிருக்கிறது உச்ச விலை. அதுக்கு மேல விக்கக் கூடாது, அவ்வளவுதான். கீழ விக்கிறது கடைக்காரன் இஷ்டம்."

"என் மாவு சார் அது."

"நீ வித்துட்டா அது அவன் மாவு."

உண்மையில், இரண்டு கிரைண்டர் வைத்திருக்கிற ஒரு பெண்ணைத் தேடி டெல்லியில் இருக்கிற போட்டி ஆணையம் வரப்போவதில்லை. ஊர்ச் சந்தையையே அசைக்கிற அளவுக்குப் பெரிய ஆளா என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். ஆனாலும் எழுத எனக்கு மனம் வரவில்லை. விலை குறைந்தால் வாங்குகிறவர்களுக்கு நல்லதுதானே, அதை எதற்குத் தடுப்பது என்றேன்.

"நீங்க வாங்குறவங்களுக்காகப் பேசுறீங்களா சார், எனக்காகப் பேசுறீங்களா?"

காபி ஆறுகிறது, குடிம்மா என்றேன். பால்கனியில் இருந்த வாளியை அவர் பார்த்தாரோ என்னவோ, காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்ததாக நடந்ததை என்னிடம் கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். தெருமுனைக் கடைக்காரர் அவருக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். "கவர்ல அறுபத்தஞ்சு போட்டு அடி. நாங்க அம்பதுக்குக் குடுக்கிறோம். பதினஞ்சு ரூபா தள்ளுபடின்னா ஜனங்கோ ஓடியாருவாங்கோ." அச்சகத்தில் ஐயாயிரத்துக்குக் குறைந்து கவர் அடிக்க மாட்டார்கள். மாவுக்காரம்மா ஐயாயிரம் அடித்துவிட்டார்.

சூப்பர் மார்க்கெட்காரர்கள் மறுநாளே வாசலில் போர்டு எழுதி வைத்தார்கள்: அறுபத்தைந்து ரூபாய் மாவு முப்பத்தொன்பது ரூபாய்க்கு! முன்பு பதினோரு ரூபாயாக இருந்த தள்ளுபடி இப்போது இருபத்தாறு. கூட்டம் இரண்டு மடங்கு ஆயிற்று. இன்னொரு பக்கம், சிறிய கடைகளில் ஒன்று, புதிதாகக் குடிவந்த ஒரு தம்பதியிடம் அறுபத்தைந்தையே வாங்கிவிட்டது. கவரில் இருக்கிற விலைதான் என்பதால் சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனால் மறுநாள் அந்தப் பெண் கடை வாசலில் நின்று "ஆளுக்கு ஒரு விலையா?" என்று கேட்டபோது தெருவே வேடிக்கை பார்த்தது. பழி கடைசியில் மாவுக்காரம்மா தலையில் விழுந்தது. ஐந்து கடைக்காரர்களும் கூடிப் பேசி, இனி அவர் மாவை யாரும் எடுப்பதில்லை என்று முடிவு கட்டினார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெருமுனைக் கடைக்குப் போனேன்.

"எல்லாரும் ஒண்ணு சேர்ந்து ஒருத்தர் சரக்கை எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்றது போட்டிச் சட்டப்படி தப்பு, தெரியுமா உங்களுக்கு?"

"இன்னா சார், கூட்டு சேந்து வெல ஏத்துறதுக்கு நாங்க இன்னா சிமெண்ட் கம்பெனியா? டீ குடிச்சிகினே சும்மா பேசிக்கினோம்."

"டீ குடிச்சுக்கிட்டுப் பேசினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

"அப்போ டெல்லிலேர்ந்து ஃப்ளைட் புடிச்சு வந்து என் ஃப்ரிட்ஜைத் தொறந்து பாப்பாங்களா? வரச் சொல்லு சார், வெயில்ல வரவங்களுக்கு மோர் குடுக்கிறேன்." பருப்பைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்களாண்ட சட்டம் பேசுறியே, அன்னிக்கு அவன் கடை வாளியத் தூக்கிகினு இந்த வழியாத்தான போன?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்க வந்தவன்போல் பாவனை செய்து, வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கிலோ இருந்தது.

அதோடு முடியவில்லை. சிறிய கடைகள் கைவிட்டதும், மாவுக்காரம்மாவுக்கு மிஞ்சியது சூப்பர் மார்க்கெட் மட்டும்தான். அவர்களோ தங்கள் பெயரையே கவரில் போட்டுச் சொந்தமாக மாவு விற்க ஆரம்பித்தார்கள். பூந்தமல்லிப் பக்கம் யாரோ ஆட்டிக் கொடுக்கிறார்களாம். நாளையிலிருந்து உங்கள் மாவு வேண்டாம் என்று மாவுக்காரம்மாவுக்குப் போனில் சொன்னார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் மனைவியிடம்தான் பேசினார். சென்னீர்குப்பத்தில் ஓட்டல் வைத்திருக்கிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு வருகிறார், இரண்டு கிரைண்டரையும் கொடுத்துவிடப் போகிறேன், எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். "எட்டு மணி நேரம் நிக்கணுமாம்மா. மாவு வேலைன்னா நடுவுல கொஞ்சம் உக்காரலாம்" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் போனதும் நான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். சூப்பர் மார்க்கெட் அடக்க விலைக்குக் கீழே விற்றது, ஐந்து கடைகள் சேர்ந்து ஒதுக்கிவைத்தது, எல்லாவற்றையும் விவரமாக ஆணையத்துக்கு எழுதுவதாகத் திட்டம்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் வந்துடுமாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"அது எப்படி வரும்? விசாரிக்க வேண்டாமா?"

"அப்போ மெதுவா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் பரணிலிருந்து பழைய எவர்சில்வர் தூக்கை எடுக்கச் சொன்னாள். கழுவித் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு புதன்கிழமை மாலை தெருமுனைக் கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"மாவு இருக்காப்பா?"

"அது நிறுத்தியாச்சும்மா. வேற கம்பெனி பாக்கெட் கீது, தரட்டா?"

"வேணாம்ப்பா. நம்ம மாவுக்காரம்மா மாவு வந்தா இதுல ஊத்திக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

சண்டை இல்லை, சட்டம் இல்லை. கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வியாழக்கிழமை எதிர்வீட்டுப் பெண்ணும் கூட வந்தாள், கையில் ஒரு குண்டானோடு. இரண்டு பேரும் அதையே கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் என் மனைவி யாரிடம் என்ன பேசினாளோ தெரியாது, அன்று மாலை ஐந்து பாத்திரம். சனிக்கிழமை ஒன்பது. ஐந்தரை மணிக்குக் கடை வாசலில் ஒன்பது பெண்கள் வெறும் பாத்திரத்தோடு நின்றார்கள். அறுபத்தைந்து ரூபாய்க்குச் சண்டை போட்ட அந்தப் புதுக் குடித்தனப் பெண்ணும் அதில் இருந்தாள். ஆளாளுக்கு முறை வந்தபோது ஒரே கேள்வி, மாவு இருக்கா? வேறு சாமான் வாங்க வந்தவர்கள் என்ன விசேஷம் என்று நின்று விசாரித்தார்கள்.

கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்தார்.

"இன்னாம்மா இது, கடையா, அன்னதானமா? அல்லாரும் சட்டியத் தூக்கிகினு வந்து கீறீங்க!"

"அன்னதானம்னா நீ ஓடிப்போயிடுவியே. காசு குடுத்து வாங்கத்தான் வந்திருக்கோம்" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"நான் வாங்கி வெப்பேன். நீங்க கவரைப் பாப்பீங்கோ. அப்பால அவன் கடைல இன்னா வெலைன்னு பாத்துட்டு அங்க பூடுவீங்கோ. எனக்குப் புளிச்ச மாவு மிச்சம்."

"கவரே வேணாம்னுதானே பாத்திரம் கொண்டாந்திருக்கோம்" என்றாள் என் மனைவி. "அன்னன்னிக்குக் காலையில ஆட்டினதை அப்படியே ஊத்து. அந்தப் பெரிய கடையில அது கிடைக்குமா?"

கடைக்காரர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் வாழைத்தாருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"சார், கவர் இல்லாத வித்தா எம்மார்பி போடணுமா?"

இத்தனை நாளில் என்னிடம் உருப்படியாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். "வேணாம். அந்தம்மா உங்களுக்கு என்ன விலைக்குக் குடுக்கிறதுங்கறது அவங்க முடிவு. நீங்க என்ன விலைக்கு விக்கிறதுங்கறது உங்க முடிவு. ஒருத்தர் விலையில ஒருத்தர் தலையிட வேணாம். எடை மட்டும் சரியா இருக்கணும். லிட்டர் அளவு வெச்சுக்காதீங்க. பொங்கின மாவுல பாதி காத்து. ஒரு லிட்டர் ஊத்தினா..."

"ஆரமிச்சுட்டாருப்பா" என்றார் அவர். "சரி, நாளைக்கே அண்டாவோட வரச் சொல்லுங்கம்மா. அந்த நாலு பேரும் என்னை இன்னா சொல்லுவானுங்களோ."

அங்கிருந்து நேராக மாவுக்காரம்மா வீட்டுக்குப் போனோம். அவர் இரண்டு கிரைண்டரையும் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் தெரிந்தது.

"ஒரு கடை எடுத்தா போதுமா சார்? அஞ்சு பேரும் ஒண்ணா நின்னவங்க. மத்த நாலு பேர் இவரை மிரட்டி நிறுத்திட்டாங்கன்னா? நாளைக்கு வண்டி வருது. இந்த ஆளை விட்டா கிரைண்டருக்கு வேற ஆள் கிடைக்க மாட்டாங்க."

நான் எஸ்டேட்டில் இருந்தபோது பார்த்ததைச் சொன்னேன். ஒன்றாகச் சேர்ந்து ஒரு சரக்கை ஒதுக்குகிறவர்கள், அவர்களில் ஒருவன் அதை விற்றுக் காசு பார்க்கும்வரைதான் ஒன்றாக இருப்பார்கள். மற்ற நான்கு பேருக்கும் வாசலில் பாத்திரம் வந்து நின்றால் தெரியும் என்றேன். அவர் நம்பினாரா என்று சொல்ல முடியாது. என் மனைவி போய்க் கிரைண்டர் மேலிருந்த துணியை எடுத்து மடித்துக் கையில் கொடுத்தாள். அவர் அரிசி மூட்டையைப் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே போய் நின்றேன். இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. எட்டு மணிக்கு, குட்டி யானை என்கிற சின்ன லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டல்காரர் இறங்கி வாசல் கேட் பக்கம் வந்து ஏதோ கேட்டார். கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. மாவுக்காரம்மா முழங்கை வரை மாவோடு வெளியே வந்து, "விக்கலைங்க" என்றார்.

"எவ்வளவு?" என்றார் அவர், காதில் கையை வைத்துக்கொண்டு.

"விக்கலைங்க! ஓடிட்டிருக்கு!"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். சென்னீர்குப்பத்திலிருந்து வந்து போக டீசல் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குக் கொஞ்ச நேரம் உறுத்தலாகத்தான் இருந்தது.

அன்று மாலை அண்டா மாவு ஏழு மணிக்குள் தீர்ந்தது. அந்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு கடைகள் அண்டாவுக்குச் சொல்லி அனுப்பின. அதற்கடுத்த வாரம் மீதி இரண்டும். மாவுக்காரம்மா ஐந்து பேருக்கும் ஒரே விலைக்குத்தான் கொடுக்கிறார். கவர் செலவு இல்லாததால் அது இப்போது நாற்பது. அதற்கு மேல் யார் எவ்வளவுக்கு விற்கிறார்கள் என்று அவர் கேட்பதில்லை. எங்கள் தெருமுனையில் கிலோ நாற்பத்தாறு. பள்ளிக்கூடத்துப் பக்கக் கடையில் நாற்பத்தைந்து. சூப்பர் மார்க்கெட்டின் சொந்த மாவு, போட்டிக்கு ஆள் இல்லாத சமயத்தில் முப்பத்தொன்பதிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு ஏறியிருந்தது. இப்போது இறங்கி நாற்பத்தெட்டில் நிற்கிறது. மாவுக்காரம்மாவுக்காகவா, வாங்குகிறவர்களுக்காகவா என்று அன்று அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவர் இருந்தால்தான் எங்களுக்கும் விலை இறங்குகிறது.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா காபிய முழுசாக் குடிச்சிருப்பேனே சார்" என்றார்.

அறுபத்தைந்து ரூபாய்க் கவர்கள் நான்காயிரத்துக்கு மேல் அவர் வீட்டு மூலையில் கிடக்கின்றன. அதில் ஒரு கட்டை எடுத்து, ஆடுகிற கிரைண்டரின் காலுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்துக் கடைக்குப் போனால் மாதம் பதினைந்து ரூபாய் மிச்சமாகுமே என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "முதல்ல அண்டா வெச்சவர் இவர்தான்" என்று சொல்லிவிட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டேன். தராசு சரியான எடையைக் காட்டிய பிறகு, கடைக்காரர் கொசுறாக அரைக் கரண்டி மாவைத் தூக்கில் ஊற்றுவார். முதல் சில நாட்கள் வீட்டுக்கு வந்ததும் அதையும் நிறுத்துப் பார்த்தேன். ஒருநாள் முப்பது கிராம் இருக்கும், ஒருநாள் ஐம்பது இருக்கும், எதிலும் அடங்கவில்லை. இப்போது நிறுப்பதில்லை. தூக்கை மூடிக்கொண்டு, அவரிடம் ஒரு தடவை தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.